உள்ளே இருப்பவர்க்கு மூடிய வாசல்: ஆர்.எஃப்.சி. 1631 பற்றி ஒரு விமரிசனம்

வெளியூரிலிருந்து உங்கள் வீட்டு முகவரிக்கு யார் கடிதம் போட்டாலும் அது ஒழுங்காக வந்து சேருகிறது. ஆனால் நீங்களே அந்த முகவரியை உறையின் மேல் எழுதி, முன்னறையிலிருந்து பின்னறையில் இருக்கும் உங்கள் தம்பிக்கு அனுப்பினால், அது மட்டும் சேர மறுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தபால்காரர் மேல் கோபம் வராதா? இத்தகைய விந்தை கணிப்பொறி உலகில் அன்றாடம் நடக்கிறது. எனக்கும் நடந்தது.

சென்ற கோடை விடுமுறையில், மூலையில் கிடந்த பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றைத் தூசி தட்டி ஒரு சிறிய சர்வராக்கினேன். பி.எஸ்.சி. மாணவர்களுக்கான செய்முறைக் குறிப்புகளும் சில குடும்பப் புகைப்படங்களும் அதில் ஏறின. இணைப்புத் தரும் நிறுவனத்துக்கு மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி, எனக்கென்று ஒரு பொது முகவரியும் வாங்கிக்கொண்டேன். அந்த முகவரிக்கு ஒரு பெயரும் பதிவு செய்தாயிற்று. ரூட்டரில், ‘443 என்னும் எண்ணுள்ள வாயிலுக்கு வருபவற்றை உள்ளே இருக்கும் சர்வருக்கு அனுப்பு’ என்று விதியும் எழுதியாயிற்று. வெளியூரில் இருக்கும் தம்பியிடம் தொலைபேசியில் சொன்னேன். உடனே திறந்து பார்த்துவிட்டு, "படமெல்லாம் நல்லா வருது அண்ணா" என்றான். நானும் என் மேசையிலிருந்து அதே பெயரைத் தட்டினேன். முதலில் பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்று வந்தது. அதைக் கடந்ததும் என் ரூட்டரின் கடவுச்சொல் கேட்கும் பக்கம் வந்து நின்றது! சர்வர் என் காலடியில் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. "எனக்குத் திறக்குதே, உங்களுக்கு ஏன் திறக்கலை?" என்று தம்பி கேட்டான். அன்று என்னிடம் விடை இல்லை.

‘ஃபயர்வால் தடுக்கிறது’ என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஃபயர்வாலை முழுவதும் அணைத்துப் பார்த்தேன், மாற்றம் இல்லை. விடையைத் தேடிப் போனபோது, 1994 மே மாதம் வெளியான பத்துப் பக்க ஆவணம் ஒன்றில் போய் முட்டிக்கொண்டேன். அந்த ஆவணத்தைத்தான் இங்கே உங்களுடன் சேர்ந்து மதிப்பிட விரும்புகிறேன். பொறியியல் ஆவணத்துக்கு விமரிசனமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நாவலைப் படித்தவர்களைவிட இந்தப் பத்துப் பக்கத்தின் விளைவுக்குள் வாழ்கிறவர்கள் பல மடங்கு அதிகம். அதைப் படித்துப் பார்த்தவர்கள்தாம் குறைவு.

ஆவணமும் அதன் காலமும்

இன்டர்நெட்டின் விதிகள் ‘ஆர்.எஃப்.சி.’ என்னும் வரிசையில் வெளியாகின்றன. ‘கருத்துரைக்க வேண்டுகிறோம்’ என்பது அந்தப் பெயரின் பொருள். 1969 ஏப்ரலில் ஸ்டீவ் கிராக்கர் எழுதிய முதல் குறிப்பிலிருந்து இந்த வரிசை வளர்ந்து வருகிறது. அதில் 1631ஆம் எண்ணுடையது நம் ஆவணம். எழுதியவர்கள் இருவர்: கேல்ட் எகெவாங், பால் ஃபிரான்சிஸ். அன்று முன்னவர் கிரே கம்யூனிகேஷன்ஸிலும் பின்னவர் ஜப்பானின் என்.டி.டி.யிலும் பணியாற்றினர். தலைப்பு ‘ஐ.பி. வலை முகவரி மாற்றி’ என்று பொருள்படும். இன்று நாம் ‘நேட்’ என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான்.

அந்நாளைய கவலை எளிதில் விளங்கக்கூடியது. ஐ.பி. முகவரி என்பது 32 பிட் நீளமுள்ள எண். ஆகவே மொத்த முகவரிகள் 2-இன் 32ஆம் அடுக்கு, அதாவது சுமார் 429 கோடி. கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் அவற்றைத் தொடக்க காலத்தில் தாராளமாகப் பெரிய பெரிய கட்டுகளாக அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். முகவரிகள் தீர்ந்துபோகும் என்ற அச்சம் 1990களின் தொடக்கத்திலேயே எழுந்தது. அந்த அச்சம் வீண் போகவில்லை. உலக இருப்பின் கடைசிக் கட்டுகள் 2011 பிப்ரவரி 3 அன்று பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன.

ஆசிரியர்கள் சொன்ன வழி இது. ஒரு நிறுவனத்துக்குள் இருக்கும் கணிப்பொறிகளுக்கு 10 என்று தொடங்கும் எண்களைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த நிறுவனத்துக்குள்ளும் அதே எண்கள் இருக்கட்டும், பாதகமில்லை. வாசலில் நிற்கும் ரூட்டர், வெளியே போகும் ஒவ்வொரு பொதியின் அனுப்புநர் முகவரியையும் அழித்து, உலகில் ஒன்றே ஒன்றான பொது முகவரியை எழுதட்டும். பதில் வரும்போது பெறுநர் முகவரியைத் திரும்ப மாற்றி உள்ளே விடட்டும்.

அவர்கள் தரும் உதாரணத்தையே பாருங்கள். ‘அ’ என்னும் கிளை வலையில் 10.33.96.5 என்ற கணிப்பொறி. ‘ஆ’ என்னும் கிளை வலையில் 10.81.13.22 என்ற கணிப்பொறி. முதலாவது இரண்டாவதோடு பேச விரும்பினால் அதன் உள் எண்ணைப் பயன்படுத்தாது. 198.76.28.4 என்ற அதன் பொது முகவரிக்கு அனுப்பும். போகும் வழியில் ‘அ’ வாசல், அனுப்புநரை 198.76.29.7 என்று மாற்றும். ‘ஆ’ வாசலோ பெறுநரை 10.81.13.22 என்று மாற்றும். இரு முனையில் உள்ளவர்க்கும் நடுவில் நடந்தது தெரியாது. அவ்வளவுதான் திட்டம்.

இதன் பெருஞ்சிறப்பென்று ஆசிரியர்கள் கருதுவது, வாசலில் ஒரு பெட்டியை வைத்தால் போதும், உள்ளே உள்ள கணிப்பொறிகளிலோ வெளியே உள்ள ரூட்டர்களிலோ எதையும் மாற்ற வேண்டாம் என்பதே.

நேர்மை என்னும் சிறப்பு

குறை சொல்லுமுன் நிறையைச் சொல்லிவிட வேண்டும். தங்கள் கண்டுபிடிப்பைத் தாங்களே இவ்வளவு கடுமையாக எடைபோட்ட பொறியாளர்களை நான் அதிகம் கண்டதில்லை. இது குறுகிய காலத் தீர்வாகத்தான் நல்லதாக இருக்கக்கூடும். நீண்ட காலத்துக்கு ஏற்றதன்று. ஏன், குறுகிய காலத்துக்கே கூட ஏற்றதாக இல்லாமல் போகலாம், செய்து பார்த்தால்தான் தெரியும் என்று முடிவுரையில் எழுதியிருக்கிறார்கள். ஐ.பி. முகவரிக்கு இருந்த ‘முனைக்கு முனை’ப் பொருளை இது பறித்துவிடுகிறது என்றும் ஒப்புக்கொள்கிறார்கள். தவறான முகவரிக்குப் பொதிகள் போகும் வாய்ப்பு கூடும், சில பயன்பாடுகள் உடையும், கணிப்பொறிகளின் அடையாளம் மறைந்துவிடும் என்ற குறைகளையும் மறைக்காமல் பட்டியலிடுகிறார்கள். இது இன்டர்நெட்டின் தரவிதியாகக்கூட வெளியிடப்படவில்லை. தகவலுக்கான குறிப்பு என்ற அளவில்தான் வெளிவந்தது.

ஆவணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கோப்பு மாற்றும் எஃப்.டி.பி. முறையைப் பற்றியது. இம்முறையில், கணிப்பொறி தன் முகவரியைப் பொதியின் தலைப்பில் மட்டுமின்றி, உள்ளே இருக்கும் செய்தியிலும் எழுத்துகளாக எழுதி அனுப்புகிறது. உறையின் மேலுள்ள முகவரியை மாற்றினால் போதாது. உறையைப் பிரித்துக் கடிதத்துக்குள் உள்ள முகவரியையும் திருத்த வேண்டும். இங்கேதான் வேடிக்கை. 10,33,96,5 என்பதைக் காற்புள்ளிகளோடு எண்ணிப் பாருங்கள்: பத்து எழுத்துகள். 198,76,29,7 என்பதோ பதினொன்று. ஓர் எழுத்து கூடிவிட்டது! டி.சி.பி. என்னும் விதிப்படி, அனுப்பும் ஒவ்வோர் எழுத்துக்கும் வரிசை எண் உண்டு. எனவே ஓர் எழுத்து கூடியதால், அந்தத் தொடர்பு முடியும்வரை ஒரு பக்கம் போகும் வரிசை எண்களை எல்லாம் ஒன்று கூட்டியும், மறு பக்கம் வரும் ஒப்புகை எண்களை எல்லாம் ஒன்று குறைத்தும் ரூட்டர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். போதாததற்குச் சரிபார்க்கும் கூட்டுத்தொகையையும் ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டும். அதற்கான நிரலைக்கூட ஆவணத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

ஒரு பொய் சொன்னால் அதைக் காக்க ஒன்பது பொய் சொல்ல வேண்டும் என்பார்கள். ‘உள்ளே எதையும் மாற்ற வேண்டாம்’ என்று சொன்ன ஆவணமே, சில பக்கங்களுக்குள் அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துத் திருத்தும் வேலையில் இறங்கிவிடுகிறது. பிற்காலத்தில் குரல் பேச்சுக்கும் விளையாட்டுகளுக்கும் எழுதப்பட்ட நிரல்கள், ‘என் வெளி முகவரி என்ன?’ என்று வெளியே உள்ள ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைக்கு வந்தன. மாற்ற வேண்டாம் என்ற சிறப்பு, எல்லாரும் மாறிக்கொள்வதில் போய் முடிந்தது.

எங்கே பிழைத்தது?

ஆவணத்தின் அடிப்படை ஊகம் ஒன்று உண்டு. ஒரு கிளை வலையில் உள்ள கணிப்பொறிகளில் மிகச் சிலவே எந்த ஒரு நேரத்திலும் வெளியுலகத்தோடு பேசிக்கொண்டிருக்கும் என்பதே அது. 1994இல் அது சரி. இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி நீங்கள் தூங்கும்போதும் வெளியே பேசிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த ஊகம் பொய்த்ததை நான் பெரிய குறையாகக் கருதவில்லை. 2001 ஜனவரியில் 1631இன் இடத்துக்கு வந்த ஆர்.எஃப்.சி. 3022, வாயில் எண்களையும் சேர்த்து மாற்றும் முறையை விரித்துரைத்தது. அதனால் ஒரே பொது முகவரியின் பின்னே நூற்றுக்கணக்கானோர் இருக்க முடிந்தது. காலம் பொய்யாக்கியதைக் காலமே ஒட்டுப் போட்டுச் சரிசெய்துகொண்டது.

எனக்கு உறுத்துவது வேறு. அவர்களுடைய உதாரணத்தை மறுபடி பாருங்கள். அதில் பொதிகள் இரண்டே வகையில் பயணம் செய்கின்றன: உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே. மூன்றாவது பயணம் ஒன்று இருக்கிறதே! 198.76.29.7 என்ற பொது முகவரிக்குரிய கணிப்பொறியை, அதே ‘அ’ வலைக்குள் இருக்கும் இன்னொரு கணிப்பொறி அந்தப் பொது முகவரியைச் சொல்லி அழைத்தால்? பத்துப் பக்கங்களிலும் தேடிப் பார்த்தேன். இந்தக் கேள்வி எழுப்பப்படவே இல்லை. முகவரி மாற்றுவது ‘வாசலைத் தாண்டும்போது செய்யும் வேலை’ என்று வரையறுத்ததன் விளைவு இது. உள்ளே புறப்பட்டு உள்ளேயே முடியும் பயணம் எந்த வாசலையும் தாண்டுவதில்லை. ஆகையால் அங்கே மாற்றும் வேலையும் பிறப்பதில்லை.

இதனால் என்ன ஆகிறது என்பதைக் கல்லூரி விடுதி ஒன்றை வைத்துப் பார்ப்போம். விடுதி முழுவதற்கும் தபால் முகவரி ஒன்றே. வாசலில் காவலாளி இருக்கிறார். 20ஆம் அறை மாணவர் பழைய புத்தகம் விற்பதாக விளம்பரம் செய்திருக்கிறார். விளம்பரத்தில் இருப்பது விடுதியின் தபால் முகவரி மட்டுமே. ‘புத்தகம் கேட்டு வரும் கடிதங்களை 20ஆம் அறைக்குக் கொடு’ என்று காவலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறார். அதே விடுதியின் 10ஆம் அறை மாணவர் விளம்பரத்தைப் பார்த்து, அந்த முகவரிக்கே கடிதம் எழுதிக் காவலாளியிடம் நீட்டுகிறார்.

முதல் வகைக் காவலாளி, ‘இது நம் விடுதி முகவரி; அப்படியானால் எனக்குத்தான்’ என்று தாமே பிரித்துப் படிப்பார். தெருவிலிருந்து வரும் கடிதங்களுக்கு மட்டுமே 20ஆம் அறை விதி பொருந்தும் என்பது அவர் எண்ணம். என் ரூட்டர் செய்தது இதைத்தான். கடவுச்சொல் பக்கம் வந்த காரணம் இப்போது புரிகிறதல்லவா? பாதுகாப்பு எச்சரிக்கையும் ரூட்டரின் சொந்தச் சான்றிதழால் வந்ததே.

இரண்டாம் வகைக் காவலாளி கொஞ்சம் கெட்டிக்காரர். பெறுநர் இடத்தில் ‘20ஆம் அறை’ என்று திருத்திக் கடிதத்தை உள்ளே கொடுத்துவிடுகிறார். அனுப்புநர் ‘10ஆம் அறை’ என்பதை அப்படியே விட்டுவிடுகிறார். 20ஆம் அறைக்காரர் பார்க்கிறார். அனுப்பியவர் பக்கத்து அறைக்காரர்! வாசல்வரை போவானேன் என்று, ‘20ஆம் அறை’ என்று கையெழுத்திட்டுப் பதிலை நேரே அவர் கதவிடுக்கில் செருகிவிடுகிறார். 10ஆம் அறைக்காரரோ, ‘நான் எழுதியது அந்தத் தபால் முகவரிக்கு. 20ஆம் அறைக்கு நான் எதுவும் எழுதவில்லையே’ என்று அதைக் கிழித்துப் போடுகிறார். அவர் எதிர்பார்க்கும் பதில் வரவே வராது.

இந்த இரண்டாவது தோல்விதான் படித்தவர்களையும் ஏமாற்றுவது. எண்களில் சொல்கிறேன். என் மேசைக் கணிப்பொறி 192.168.1.10. சர்வர் 192.168.1.20. பொது முகவரிக்கு, உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட 203.0.113.7 என்பதை வைத்துக்கொள்வோம். மேசைக் கணிப்பொறி 203.0.113.7-க்குத் தொடர்பு கோரும் முதல் பொதியை அனுப்புகிறது. ரூட்டர் பெறுநரை மட்டும் .20 என்று மாற்றிச் சர்வருக்குத் தருகிறது. சர்வர், அனுப்புநர் .10 தன் வலையிலேயே இருப்பதைக் கண்டு, ரூட்டரின் வழி போகாமல் நேராகப் பதில் தருகிறது. 203.0.113.7-இடமிருந்து பதிலை எதிர்நோக்கியிருக்கும் மேசைக் கணிப்பொறிக்கு, அழைக்காத .20-இடமிருந்து ஒரு பதில் வருகிறது. ‘உன்னை நான் அறியேன்’ என்னும் பொருளுள்ள மறுப்புப் பொதியை அதற்கு அனுப்பிவிட்டு, 203.0.113.7-க்கே இடைவெளியை இரட்டித்து இரட்டித்து மறுபடி மறுபடி முயல்கிறது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கருவியும் தன் விதிப்படி சரியாகவே நடந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இங்கே குற்றவாளி என்று கைகாட்ட யாரும் இல்லை. ஃபயர்வால் எந்தப் பொதியையும் தடுக்கவும் இல்லை. அனுமதி வழங்குவது ஃபயர்வாலின் வேலை. பெயரை மாற்றி எழுதுவது நேட்டின் வேலை. ஒரே பெட்டிக்குள் இரண்டும் குடியிருப்பதால் ஒன்றின் பழி மற்றதன் மேல் விழுகிறது.

இயற்பியல் படிப்பவர்கள் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஓடும் ரயிலின் ஒரே பெட்டிக்குள் இருவர் பந்தெறிந்து விளையாடுகிறார்கள். அதைப் பெட்டியைச் சார்ந்தும் கணக்கிடலாம். நடைமேடையைச் சார்ந்தும் கணக்கிடலாம். இரண்டும் சரியே. ஆனால் எறிபவரின் வேகத்தை நடைமேடையைச் சார்ந்தும், பிடிப்பவரின் வேகத்தைப் பெட்டியைச் சார்ந்தும் எழுதிவிட்டால், பக்கத்தில் நிற்பவரும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்தங்கிப் போகிறவராகிவிடுவார். தேர்வுத்தாளில் ஆண்டுதோறும் நான் காணும் பிழை இது. சார்புச் சட்டத்தை மாற்றினால் எல்லா அளவுகளையும் மாற்ற வேண்டும். பாதியை மாற்றக் கூடாது. உள்ளிருந்து உள்ளே போகும் பொதியிலும், பெறுநரை மாற்றினால் அனுப்புநரையும் மாற்றியே ஆக வேண்டும்.

மூன்றாம் வகைக் காவலாளி அதைத்தான் செய்கிறார். அனுப்புநர் இடத்தில் விடுதியின் முகவரியையே எழுதிவிடுகிறார். பதில் அவரிடமே திரும்பி வருகிறது. அவர் இரண்டு முகவரிகளையும் திரும்ப மாற்றி 10ஆம் அறைக்குக் கொடுக்கிறார். வாசல்வரை போய் வளைந்து திரும்பும் இப்பாதை கொண்டை ஊசி போல இருப்பதால், மலைச்சாலை வளைவைப் போலவே இதையும் கொண்டை ஊசி முறை என்றே பொறியாளர்கள் அழைக்கிறார்கள்.

பதின்மூன்று ஆண்டு கழித்து

1631 விட்டுவிட்ட இந்த மூன்றாவது பயணத்தை விதியாக்கியது 2007 ஜனவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 4787. ஃபிரான்ஸ்வா ஓடேயும் கல்லன் ஜென்னிங்ஸும் எழுதியது. நேட் செய்யும் ஒவ்வொரு கருவியும் கொண்டை ஊசி முறையைக் கட்டாயம் ஆதரிக்க வேண்டும். அனுப்புநர் இடத்தில் வெளி முகவரியே இருக்க வேண்டும் என்று அதன் ஒன்பதாம் நிபந்தனை கூறுகிறது. அது யு.டி.பி. வகைப் பொதிகளுக்கு மட்டுமான ஆவணம். டி.சி.பி.க்கு 2008 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 5382 வந்தது. இணையப் பக்கங்களை வெகுகாலம் சுமந்து வந்தது டி.சி.பி. என்பதால், நம் வீட்டுச் சர்வருக்கு வேண்டிய விதி பதினான்கு ஆண்டு தாமதமாக வந்தது எனலாம்.

விதி வந்தபின்னும் என் ரூட்டர் ஏன் அப்படி நடந்துகொண்டது? ஆர்.எஃப்.சி.க்கு நீதிமன்றம் கிடையாது. கட்டாயம் என்று அச்சிட்டாலும், செய்பவர் செய்தால்தான் உண்டு. ரூட்டர் வாங்குவோரில் சர்வர் வைத்திருப்பவர் எத்தனை பேர்? வெளியே கேட்பவன் உள்ளே இருக்கிறான், பதில் தருபவன் வெளியே இருக்கிறான் என்ற எண்ணம் பெட்டிக்குள் உறைந்துவிட்டது. நேட்டின் விளைவுகளை 2000 நவம்பரிலேயே ஆர்.எஃப்.சி. 2993இல் டோனி ஹெயின் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆழமான கட்டுரை. ஆயினும் மாணவர்கள் முதலில் 1631ஐப் படிப்பதையே நான் விரும்புவேன். பிழை உருவான இடத்தில் நின்று பார்ப்பதில் ஒரு பயன் இருக்கிறது. மேலும் அது பத்தே பக்கம்.

கொண்டை ஊசி முறையும் குறையற்றதன்று. நண்பர் ஒருவர் வீட்டில் அம்முறையை ஆதரிக்கும் ரூட்டர் இருக்கிறது. ஆனால் அவருடைய சர்வரின் பதிவேட்டில், வீட்டார் அனைவரும் ஒரே முகவரியாகத் தெரிகிறார்கள். கடவுச்சொல்லை ஐந்து முறை தவறாக இட்டவரின் முகவரியைத் தடை செய்யும்படி சர்வரை அமைத்திருந்தார். ஒரு நாள் அவர் மகன் ஐந்து முறை தவறு செய்ய, வீடு முழுவதற்கும் சர்வர் கதவடைத்துவிட்டது! அது மட்டுமன்று. பக்கத்து அறைக்குப் போகும் ஒவ்வொரு பொதியும் ரூட்டருக்குள் புகுந்து வருகிறது. பெரிய கோப்பை மாற்றும்போது, பாவம், அந்தச் சிறு பெட்டி திணறுகிறது.

மாற்று வழி பெயரைப் பிரிப்பது. பெயருக்கு எண் சொல்லும் டி.என்.எஸ். பணியை வீட்டுக்குள் நாமே ஒரு சிறு நிரலால் நடத்தி, உள்ளே கேட்பவர்க்கு 192.168.1.20 என்றும் வெளியே கேட்பவர்க்குப் பொது முகவரி என்றும் விடை தரச் செய்வது. பெயர் மாறாததால் சர்வரின் சான்றிதழும் செல்லும். பொதிகள் வாசலுக்கே போகாமல் நேரே சர்வரை அடைகின்றன. இரண்டில் இதுவே எனக்கு உகந்ததாகப் படுகிறது. பொதியின் முகவரி எங்கும் பொய்யாக்கப்படுவதில்லையே! ஆனால் வெளியே 8443, உள்ளே 443 என்று வாயில் எண்ணை மாற்றியிருந்தால் இவ்வழி உதவாது. பெயருக்கு எண் சொல்லும் பணியில் வாயில் எண்ணுக்கு இடமில்லை. தவிர, சில உலாவிகள் வீட்டு டி.என்.எஸ்.ஸைக் கேட்காமல் மறையாக்கிய வழியில் வெளியே ஒருவரைக் கேட்டுக்கொள்கின்றன. அவற்றுக்குப் பொது முகவரியே கிடைக்கும். பழைய கதை மறுபடி தொடங்கும்.

‘128 பிட் முகவரி வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஐ.பி. ஆறாம் பதிப்பின் முதல் விதி 1995 டிசம்பரிலேயே வெளிவந்தது. அதில் என் சர்வருக்கு உள்ளும் வெளியும் ஒரே முகவரி. மாற்றுவார் இல்லை, ஆகவே வளைவும் இல்லை. ஃபயர்வாலில் அனுமதி கொடுத்தால் போதும். 1631 பறித்த ‘முனைக்கு முனை’ப் பொருள் இங்கே திரும்பக் கிடைக்கிறது. ஆனால் என் தம்பி தங்கியிருக்கும் இடத்தில் பழைய பதிப்பு மட்டுமே இருந்தால், அவனுக்காகப் பழைய வாசலையும் நான் திறந்தே வைத்திருக்க வேண்டும்.

இதற்கிடையே நேட் ஒரு படி மேலேயும் ஏறிவிட்டது. பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னே வைக்க, இணைப்பு நிறுவனங்களே தங்கள் பக்கத்தில் முகவரியை மாற்றுகின்றன. அதற்கென்று 2012 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 6598 தனி எண்களை ஒதுக்கியது. உங்கள் ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி எது என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை உள்ள எதிலாவது அது தொடங்கினால், அது உங்களுக்கே உரிய பொது முகவரியன்று. அப்போது நீங்கள் ரூட்டரில் என்ன விதி எழுதினாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. வாடகைக்கு எடுத்த வெளிக் கணிப்பொறி ஒன்றோடு உங்கள் சர்வரே சுரங்க இணைப்பு வைத்துக்கொண்டு, அதன் வழியாக வருகிறவர்களை வரவேற்க வேண்டும். அப்படிச் செய்தால் உள்ளே இருப்பவர்க்கும் கதவு திறக்கும். ஆனால் பக்கத்து அறைக்குப் போக வேண்டிய படம், எங்கோ ஓர் ஊர்வரை போய்த் திரும்பி வரும்.

உங்கள் வீட்டிலோ விடுதியிலோ சர்வர் ஒன்று இருந்து, உள்ளிருந்து மட்டும் அது எட்டவில்லை என்றால், முதலில் திரையைக் கவனியுங்கள். ரூட்டரின் பக்கம் வந்தால் அது முதல் வகைக் காவலாளி. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் இரண்டாம் வகையாக இருக்கக்கூடும். பொதிகளைப் பதிவு செய்து காட்டும் நிரல் ஒன்றை ஓடவிட்டு, பதில் எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று பாருங்கள். .20 என்பது கண்ணில் பட்டால் நோய் தெரிந்துவிட்டது.

என் வீட்டில் இப்போது பெயரைப் பிரிக்கும் முறைதான் நடக்கிறது. டி.என்.எஸ். வேலையையும் அந்தப் பழைய மேசைக் கணிப்பொறியே பார்த்துக்கொள்கிறது. என் மனைவியின் கைப்பேசியில் உள்ள உலாவி மட்டும் வெளியே கேட்கும் வழக்கமுடையது. அதை அணைத்து வைத்திருக்கிறேன். மாதத்துக்கொரு முறை, "உங்க பெட்டி மறுபடியும் கடவுச்சொல் கேக்குது" என்று அவள் கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். நான் மறுபடி அணைத்துக் கொடுக்கிறேன்.